வெயிலில் சுடும் கல்லும் ஃபிரெங்கெலும்

வெயிலில் கிடக்கும் கருங்கல் ஏன் சுடுகிறது? ஒளியை உறிஞ்சுவதால் என்று பள்ளி மாணவரே சொல்லிவிடுவார். அந்த எளிய விடைக்குள் இருந்த சிக்கலைக் கண்டவர் யாக்கவ் ஃபிரெங்கெல். படிகக் குறைபாடு ஒன்றின் பெயராகவே இயற்பியல் மாணவர்கள் அவரை அறிவார்கள். அது அவருக்குப் போதாது என்பது என் எண்ணம்.

1894-இல் ரஷியாவின் ரஸ்தோவ் நகரில் பிறந்தவர் அவர். உள்நாட்டுப் போரின்போது கிரிமியாவில் கற்பித்துக்கொண்டிருந்தவரை 1919-இல் வெண்படையினர் சிறையில் அடைத்தனர். பின்னர் லெனின்கிராடே அவருடைய களமானது.

சிக்கல் இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஓர் எலெக்ட்ரானுக்கு இரண்டு, மூன்று எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தருகிறது. படிகத்தின் அணு அதிர்வுகளோ ஆற்றலைச் சிறு பொட்டலங்களாகவே ஏற்கும். ஒரு பொட்டலம் ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டில் நூறில் சில பங்குதான். பெரிய நோட்டு ஒன்றுக்கு ஒரே நேரத்தில் பல பேர் சில்லறை கொடுத்தாக வேண்டும். அது எப்படி நடக்கும்?

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தங்கியிருந்த காலத்தில், 1931-இல் வெளியான கட்டுரைகளில் அவர் விடை தேடினார். எலெக்ட்ரான் கிளர்வுற்றதும் அணுக்களுக்கிடையிலான விசைகள் மாறுகின்றன. அதிர்வுகளின் அமைப்பும் மாறிவிடுகிறது. ஆகவே, எலெக்ட்ரான் பழைய நிலைக்குத் திரும்பும்போது பல அதிர்வுகள் ஒருசேர எழ வழி உண்டு. அந்தக் கிளர்ச்சி ஓர் அணுவோடு நின்றுவிடாமல் படிகமெங்கும் உலவலாம் என்பதும் அவர் கண்டதே; இன்று அதை எக்ஸிட்டான் என்கிறோம். அதிர்வுப் பொட்டலம் என்ற கருத்தைத் தந்தவர் அவருடைய நண்பர் ஈகர் தம். அதற்கு ஃபோனான் என்ற பெயரை வழங்கியவர் ஃபிரெங்கெல்.

இயக்கவியல் பொருள்முதல்வாதம் இயற்பியலுக்கு வழிகாட்டத் தேவையில்லை என்ற கருத்தை அவர் மறைக்கவில்லை. 1930-களிலும், மீண்டும் 1940-களின் இறுதியிலும் அதற்காகக் கடுமையான கண்டனங்களுக்கு ஆளானார். வெண்படையின் சிறையைவிட, தம் சக அறிஞர்களின் நடுவே நேர்ந்த இந்த விசாரணைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. எதிரியிடம் சிறைப்படுவது வேறு. உடன் பணிபுரிவோர் முன் தலைகுனிய வேண்டியிருப்பது வேறு.

1952 ஜனவரியில் அவர் காலமானபோது வயது 57. நடைமுறைக்கு உகந்த சிலிக்கான் சூரிய மின்கலம் அமெரிக்காவில் உருவானது 1954-இல். அதன் மீது விழும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மிகையாற்றல் பெற்ற எலெக்ட்ரான்கள் நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் படிக அதிர்வுகளுக்குக் கைமாற்றிவிடும் வெப்பமாகவே போகிறது.