சிறிய உந்தின் பெருவேகம்

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் கார்லோ அபார்த். இளமையிலேயே மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் வாகை சூடினார். 1934இல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் தொடர்வண்டியோடு போட்டியிட்டும் வென்றார். பின்னர் நேர்ந்த கொடிய விபத்து அவரது பந்தய வாழ்வை முடித்தது. ஆயினும், வேகத்தின் மீது கொண்ட வேட்கை தணியவில்லை, ஓட்டுநர் வடிவமைப்பாளரானார்.

1949இல் இத்தாலியில் தம் பெயரால் நிறுவனம் தொடங்கினார். போரினால் நலிந்திருந்த அந்நாட்டு மக்களுக்கு எட்டியவை சிறிய ஃபியட் மகிழுந்துகளே. புதிய இயந்திரம் வாங்க இயலாதோர்க்கும் வேகம் கிட்ட வேண்டும் என்று அவர் எண்ணினார். இயந்திரத்தில் எரிந்த வாயு தடையின்றி வெளியேறினால்தான் புதிய எரிபொருட்கலவை நிறைவாக உள்ளே புகும். வழக்கமான சைலன்சரின் உட்தடுப்புகளோ வாயுவை மறித்தன. எனவே, துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றி ஒலியை உறிஞ்சும் இழைகளை நிரப்பிப் புதிய சைலன்சரை உருவாக்கினார். வண்டியின் ஆற்றல் கூடியது, ஒலியும் கம்பீரமானது. அவரது பிறப்பு ராசியான விருச்சிகத்தின் தேள், நிறுவனச் சின்னமாக உலகெங்கும் அறிமுகமாயிற்று.

1965இல், 57 வயதை நெருங்கிய நிலையில், குறுகிய பந்தய உந்தினுள் அமர்வதற்காக உடல் எடையை 30 கிலோ குறைத்து, மான்சா களத்தில் தாமே ஓட்டிச் சாதனை படைத்தார். 1971இல் நிறுவனத்தை ஃபியட்டிடம் ஒப்படைத்தார்; 1979இல் மறைந்தார். இழந்த வாய்ப்பை எண்ணி வருந்தி நில்லாமல், பிறர்க்கு வழி சமைத்தமையே அவரது பெருமை.