பழியாய் நின்ற பெயர்

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட 56 பேரில் எல்பிரிட்ஜ் கெர்ரியும் ஒருவர். ஆயினும், அதற்காக அவரை இன்று நினைவுகூர்வோர் மிகச் சிலரே. 1812-இல் அவர் இட்ட மற்றொரு கையொப்பமே அவரது பெயரை அகராதியில் ஏற்றியது.

மாசசூசெட்ஸின் மார்பிள்ஹெட் துறைமுக நகரில் 1744-இல் வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார் கெர்ரி. ஹார்வர்டில் பயின்றபின், உலர்மீன் ஏற்றுமதி செய்யும் குடும்பத் தொழிலில் ஈடுபட்டார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான போராட்டம் அவரை அரசியலுக்கு அழைத்து வந்தது. 1787-இல் பிலடெல்பியாவில் அரசமைப்புச் சட்டம் வகுக்கப்பட்டபோது, இறுதிவரை அவையிலிருந்தும் அதில் கையொப்பமிட மறுத்தவர்கள் மூவர். அவர்களுள் ஒருவர் கெர்ரி. குடிமக்களின் உரிமைகளுக்கு அதில் உறுதியான பாதுகாப்பு இல்லை என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. கொள்கைக்காகத் தனித்து நிற்கத் தயங்காதவர் அவர்.

அத்தகையவர் 1810-இல் மாசசூசெட்ஸ் ஆளுநரானார். 1812-இல் அவரது ஜனநாயகக் குடியரசுக் கட்சியினர், மாநில செனட் தொகுதிகளைத் தங்களுக்குச் சாதகமாக மாற்றி வரைந்தனர். அந்த மசோதாவில் அவருக்கு முழு மனமில்லை என்று அவரது வரலாற்றை எழுதிய மருமகன் பதிவு செய்துள்ளார். எனினும், கெர்ரி கையொப்பமிட்டார். எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தில் வளைந்து நெளிந்து கிடந்த ஒரு தொகுதிக்கு இறகும் நகமும் சேர்த்து, சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரியாகச் சித்திரித்தது பாஸ்டன் செய்தித்தாள் ஒன்று. அவ்வுயிரியின் பெயருடன் ஆளுநரின் பெயர் இணைந்து, ஜெர்ரிமேண்டர் என்ற சொல் பிறந்தது.

அந்த ஆண்டுத் தேர்தலில் எதிர்த்தரப்பான ஃபெடரலிஸ்டுகளே கூடுதல் வாக்குகள் பெற்றனர். ஆனால், 40 செனட் இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தவை 11 மட்டுமே. அதே ஆண்டில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட கெர்ரி தோற்றார். அப்பதவிக்கு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. வளைத்து வரைய அங்கு எல்லைக்கோடு ஏதுமில்லை.

1813-இல் நாட்டின் துணை அதிபரான அவர், மறு ஆண்டு நவம்பர் 23 அன்று பதவியிலிருக்கும்போதே மறைந்தார்.

நேர்மையாளர் ஒருவர் தடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை மட்டும் போதாது என்பதே இவ்வாழ்க்கை தரும் பாடம். போட்டியிடுவோரின் கையில் எல்லை வரையும் எழுதுகோல் இருக்கலாகாது. கலிபோர்னியா மக்கள் 2008-இல் வாக்களித்து உருவாக்கிய குடிமக்கள் ஆணையம் இதற்கொரு மாற்றுவழி. அதில் இரு பெரிய கட்சிகளைச் சார்ந்த குடிமக்கள் தலா ஐவர், எக்கட்சியையும் சாராதோர் உள்ளிட்ட ஏனையோர் நால்வர். ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது மூவர் இசைந்தாலன்றி எந்த வரைபடமும் நிறைவேறாது. எந்தத் தரப்பும் தனித்து முடிவெடுக்க முடியாத ஏற்பாடு இது. அப்படியோர் ஆணையம் அன்று இருந்திருந்தால், கெர்ரியின் மேசைக்கு அந்த மசோதா வந்தே இருக்காது.