கொலைகாரனின் மனசுக்குள் புகுந்த பாதிரியார்: ஃபாதர் பிரவுனைப் படைத்த செஸ்டர்டன் யார்?

ஹாரி பாட்டர் படங்களில் ரானின் அப்பாவாக வருவாரே மார்க் வில்லியம்ஸ், ஞாபகம் இருக்கா? அவர் கறுப்பு அங்கி போட்டு, சைக்கிள் மிதித்துப் போய் கொலைகாரர்களைக் கண்டுபிடிக்கும் ‘ஃபாதர் பிரவுன்’ தொடரை பிபிசி 2013-ல் தொடங்கியது. தொடரின் கதை நடப்பது 1950-களில். ஆனால், அந்தப் பாதிரியார் கதைகளில் அறிமுகமானது 1910-லேயே. எழுதியவர் ஜி.கே.செஸ்டர்டன்.

யார் இவர்?

1874 மே 29 அன்று லண்டனில் பிறந்தவர். ஸ்லேட் ஓவியப் பள்ளியில் படித்த நாட்களில் இருண்ட எண்ணங்கள் அவரைப் பாடாய்ப் படுத்தின. எந்தக் கொடுமையையும் தன்னால் கற்பனை செய்ய முடிகிறதே என்று பயந்ததைப் பின்னாளில் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். அப்புறம் பத்திரிகை எழுத்துக்கு வந்தார். 1901-ல் பிரான்சஸைத் திருமணம் செய்துகொண்டார். 1905-ல் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வார இதழில் தொடங்கிய பத்தியைச் சாகும்வரை எழுதினார்.

பிரவுன் எப்படிப் பிறந்தார்?

யார்க்‌ஷயரில் ஜான் ஓ’கானர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் செஸ்டர்டனுக்கு நண்பரானார். ஒருநாள் இருவரும் பேசிக்கொண்டே நடந்தபோது, மனிதர்கள் செய்யும் அக்கிரமங்கள் பற்றிப் பாதிரியாருக்குத் தன்னைவிடப் பல மடங்கு தெரியும் என்பது புரிந்து செஸ்டர்டன் ஆடிப்போனார். அன்றே இன்னொரு சம்பவம். பாதிரியார்களுக்கு வெளியுலகமே தெரியாது என்று இரண்டு கல்லூரி மாணவர்கள் அவரிடம் சொல்ல, சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

ஒன்றும் தெரியாதவர் போல் இருப்பார், எல்லாம் தெரிந்திருக்கும். ஃபாதர் பிரவுன் கிடைத்துவிட்டார். ஓ’கானரின் கூர்மையான அறிவை மட்டும் எடுத்துக்கொண்டு குள்ள உருவம், அசட்டு முகம், பெரிய குடை ஆகியவற்றைச் சேர்த்தார் செஸ்டர்டன். முதல் தொகுப்பு 1911-ல் வந்தது.

ஷெர்லாக் ஹோம்ஸிலிருந்து என்ன வித்தியாசம்?

ஹோம்ஸ் சாம்பலையும் காலடித் தடத்தையும் பார்ப்பார். பிரவுன், தானே அந்தக் கொலையைச் செய்வதாக மனசுக்குள் நினைத்துப் பார்ப்பார். ஆயிரக்கணக்கானவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்ட அனுபவம் அவருக்கு. அதனால் பிடிபட்டவனுக்குத் தண்டனை வாங்கித் தருவதைவிட அவன் திருந்துவதுதான் முக்கியம். முதல் கதையின் திருடன் பிளாம்போ, பிறகு திருந்தி துப்பறிவாளனாகி, பிரவுனின் நெருங்கிய நண்பனே ஆகிவிடுகிறான்.

கற்பனை திரும்பி வந்தது

இதில் ஓர் ஆச்சரியம்: பிரவுனைப் படைத்தபோது செஸ்டர்டன் கத்தோலிக்கர் இல்லை. 1922-ல்தான் மாறினார். அவரைச் சபையில் சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர் அதே ஓ’கானர்.

இரண்டாவது தொகுப்பு 1914-ல் வந்தது. மூன்றாவதுக்கு 12 வருஷம் ஆனது. நடுவில் தம்பி செசில் போருக்குப் போக, அவர் நடத்திய பத்திரிகையை அண்ணன் ஏற்றார். 1918-ல் செசில் இறந்தார். பத்திரிகையும் 1923-ல் நின்றது. 1925-ல் ‘ஜி.கேஸ் வீக்லி’ என்று புதிதாகத் தொடங்கினார். அது பணத்தை விழுங்கியது. கை கடிக்கும்போது காப்பாற்ற வந்தவர் பிரவுன்தான். 1926, 1927, 1935 என மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன.

ஒரு கறை

குற்றவாளியையும் உள்ளிருந்து புரிந்துகொள்ளச் சொன்னவர், யூதர்களைப் பற்றிக் காழ்ப்போடு எழுதினார். இனவெறித் தொனி சில பிரவுன் கதைகளிலும் உண்டு. 2019-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கோரும் முயற்சியை நார்தாம்ப்டன் ஆயர் ஏற்க மறுத்தபோது, யூத வெறுப்பு பற்றிய கேள்வியும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்தவர் மனசுக்குள் புகத் தெரிந்தவருக்கும் திறக்காத கதவு ஒன்று இருந்திருக்கிறது.

1936 ஜூன் 14 அன்று செஸ்டர்டன் இறந்தார். படிக்க ஆசையா? ‘தி ப்ளூ கிராஸ்’ முதல் கதை. காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசம். ஒரு மெட்ரோ பயணத்தில் முடித்துவிடலாம்.