சட்டம் பயின்ற அண்ணல்

நமக்கு உரிமை உண்டு என்று அறிவது ஒன்று. அதனை நீதிமன்றத்தில் நிலைநாட்டும் வகை அறிவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் அண்ணல் அம்பேத்கர். அவர்தம் வாழ்வினின்று நம் இளைஞர்கள் கருத்திற் கொள்ளத்தக்க ஒரு பகுதியை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் ஊரில் பிறந்த அண்ணல், பரோடா மன்னரின் உதவித்தொகை கொண்டு அமெரிக்கா சென்று, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். 1916இல் இலண்டன் கிரேஸ் இன்னில் சட்டம் பயிலச் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் மறு ஆண்டே தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர் சோர்ந்தாரல்லர். பம்பாய்க் கல்லூரியொன்றில் பேராசிரியராயிருந்து சேர்த்த பொருளுடனும் பிறர் உதவியுடனும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்று பாரிஸ்டரானார். 1923இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

அக்கல்வியின் பயனை மகாட் நகரத்துச் சவதார் குளம் காட்டும். அக்குளத்தைத் தாழ்த்தப்பட்டோர்க்கும் திறந்துவிட 1924இல் நகராட்சி தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டளவிலேயே நின்றது. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் தம் மக்களுடன் ஊர்வலமாகச் சென்று அந்நீரைப் பருகினார். அதன் பொருட்டு நம் மக்கள் அடியுண்டனர். டிசம்பரில் மீண்டும் குளத்திற்குச் செல்ல முனைந்தபோது, சாதி இந்துக்கள் அண்ணல் மீது வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையும் பெற்றுவிட்டனர். ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தும் அவர் தடையை மீற முற்படவில்லை. வழக்கில் வெல்லலாம் என்னும் துணிவு அவருக்கிருந்தது.

வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்தது. நம்மவரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அவ்வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937 மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரார் மறுத்த நீரைச் சட்டம் வழங்கிற்று.

பின்னர் 1947இல் அண்ணல் சட்ட அமைச்சரும் அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவருமானார். பொதுக் கிணறு, குளங்களைப் பயன்படுத்தச் சாதியால் தடையில்லை என்று அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு விதிக்கின்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கின்றது. மகாட் மக்கள் அடியுண்டு கேட்டது நாடு முழுமைக்கும் சட்டமாயிற்று.

மனு எழுத அறியாமையால் தமக்குரிய சலுகையை இழந்த பெற்றோர் பலரை நம் ஆசிரியப் பணியில் கண்டுள்ளோம். ஆதலின் இளைஞர்காள், உங்களுள் சிலரேனும் சட்டம் பயிலுங்கள். பயின்று ஊருக்குத் திரும்புங்கள். அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.