யார் இந்த வில்ஹெல்ம் ஹூப்பர்? தொழிலாளர்களைச் சென்று சேராத ஒரு புற்றுநோய் எச்சரிக்கை!

ஜெர்மனியில் 1894-ல் பிறந்த டாக்டர் ஹூப்பர், 1930-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அங்கே சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்துகொண்டே இருந்தது. பீட்டா நாஃப்தைலமின் என்ற ரசாயனம்தான் காரணம் என எச்சரித்தார். 1937-ல் வேலை போச்சு! நாய்களிடம் நடத்திய சோதனை முடிவு அடுத்த ஆண்டே வெளியானது. டூபான்ட் அதன் தயாரிப்பை நிறுத்தியதோ 1955-ல்தான்.

சிக்கல் என்னன்னா, இந்த நோய் தலைகாட்ட 20, 30 வருஷம்கூட ஆகும். அதற்குள் ஆலையை விட்டுப் போனவர்களுக்கு யார் சொல்வது? ஹூப்பர் 1978-ல் இறந்தார். ஜார்ஜியா மாகாணத்தின் அகஸ்டாவில், அதே ரசாயனத்தைக் கையாண்ட ஓர் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடிப்பிடித்து, அரசு ஆய்வு நிறுவனம் ஆபத்தைச் சொல்லிப் பரிசோதனைக்கு அழைத்தது 1981-ல்.