நம்ம சௌந்திரம் அம்மா

சின்னாளபட்டி கஸ்தூர்பா ஆஸ்பத்திரி நம்ம எல்லாருக்கும் தெரியும். அதை ஆரம்பிச்ச டாக்டர் சௌந்திரம் அம்மாவைப் பத்தி எழுதுறேன்.

டி.வி.எஸ். பஸ் கம்பெனி சுந்தரம் ஐயங்காரின் மகள். சின்ன வயசுல கல்யாணம், சின்ன வயசுலயே விதவை. அந்தக் காலத்துல அப்படிப்பட்ட பொண்ணை மூலையில உட்கார வச்சிருவாங்க. இவங்களோ டெல்லிக்குப் போய், லேடி ஹார்டிங் காலேஜில் படிச்சு, 1936-ல் டாக்டர் ஆனாங்க. 1940-ல் காந்தியின் ஆசியோடு கேரளத்து ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செஞ்சாங்க. சாதி பார்க்கலை.

பட்டணத்துல ஆஸ்பத்திரி வச்சிருந்தா காசு கொட்டியிருக்கும். ரெண்டு பேரும் 1947-ல் காந்திகிராமம் தொடங்கினாங்க. சின்னதா ஆரம்பிச்ச வைத்தியசாலைதான் கஸ்தூர்பா ஆஸ்பத்திரியா வளர்ந்தது. ஆத்தூர், வேடசந்தூர் எம்.எல்.ஏ., 1962-ல் திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துணை மந்திரி, பத்மபூஷண் எல்லாம் வந்துச்சு.

எனக்குப் பெரிசாத் தெரியுறது வேற. மாத்திரை கொடுத்தா அன்னைக்குத் தீரும். ஏன் வந்துச்சுன்னு தெரியாட்டி திரும்ப வரும். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் வேணும். 1964-ல் காந்திகிராமத்துல கிராமிய சுகாதார நிறுவனமும் வந்துச்சு. ஊர் ஊராப் போற சுகாதாரப் பணியாளர்களுக்கு அங்க பயிற்சி.

1984-ல் அம்மா காலமானாங்க. வெள்ளைப்படுதலையும் ரத்தசோகையையும் பொம்பளை தலையெழுத்துன்னு பொறுத்துக்கிட்ட நாங்க, இப்ப குழுக் கூட்டத்துல வாய்விட்டுப் பேசுறோம். போன மாசம் ஒன்பது பேர் சேர்ந்து போய் ரத்தம் சோதிச்சுட்டு வந்தோம்.