ஓடும் ரயிலுக்கு எண்ணெய் போட்ட மேதை: யார் இந்த எலைஜா மெக்காய்?

நீராவி ரயில் இன்ஜின் மாடல்களை உன்னிப்பா பார்த்திருக்கீங்களா? பாய்லர் ஓரமாக, சிலிண்டரை நோக்கி மெல்லிய குழாய்கள் ஓடும். அவை எண்ணெய்க் குழாய்கள். அந்த எண்ணெயைத் தானாகவே போக வைத்தவர்களில் முக்கியமானவர் எலைஜா மெக்காய்.

அடிமைத்தனத்தில் இருந்து தப்பிய குடும்பம்

அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து, கனடாவுக்குத் தப்பி வந்த தம்பதிக்கு 1844-ல் பிறந்தவர் மெக்காய். 15 வயதில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போய் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கற்றார்.

ஆனால், அமெரிக்கா திரும்பியவருக்கு கறுப்பினத்தவர் என்பதால் இன்ஜினியர் வேலை கிடைக்கவில்லை. மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் கரி அள்ளிப் போட்டு, எண்ணெய் ஊற்றும் வேலைதான் கிடைத்தது.

என்ன பிரச்னை?

அப்போது எண்ணெய் போடுவதற்காகவே ரயிலை அடிக்கடி நிறுத்தணும். எண்ணெய் வற்றினால் உலோகம் உரசித் தேயும், இன்ஜின் படுத்துவிடும்.

1872-ல் இதற்குத் தீர்வு கண்டு காப்புரிமை பெற்றார் மெக்காய். ஐடியா சிம்பிள்தான். இன்ஜினை ஓட்டும் அதே நீராவியின் அழுத்தமே எண்ணெய்க் கிண்ணத்தின் வால்வையும் திறக்கும். ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டருக்கு எண்ணெய் போய்ச் சேரும்.

பிறகு, அதிசூடான நீராவியில் ஓடும் இன்ஜின்கள் வந்தன. அந்தச் சூட்டை வெறும் எண்ணெய் தாங்கவில்லை. கிராஃபைட் தூள் கலந்தால் குழாய் அடைத்துக்கொண்டது. அடைக்காத கிராஃபைட் லூப்ரிகேட்டருக்கு 1915-ல் காப்புரிமை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது!

பெயர் எங்கே?

மொத்தம் 57 காப்புரிமைகள். ஆனால், சொந்தமாகத் தயாரிக்கப் பணம் இல்லாததால் பலவற்றின் உரிமையை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அதனால் பெரும்பாலான கருவிகளில் அவர் பெயரே இல்லை. 1920-ல்தான் சொந்தப் பெயரில் நிறுவனம் தொடங்கினார்.

1922-ல் நடந்த கார் விபத்தில் அவரும் மனைவி மேரியும் படுகாயம் அடைந்தனர். மனைவியை இழந்த மெக்காய், 1929-ல் காலமானார்.

அசல் பொருளைக் குறிக்கும் 'ரியல் மெக்காய்' என்ற ஆங்கிலச் சொல் இவரால் வந்தது என்பார்கள். ஆனால், ஸ்காட்லாந்தில் அதைப் போன்ற சொல் 1850-களிலேயே இருந்தது.

2012-ல் டெட்ராய்ட்டில் திறக்கப்பட்ட அமெரிக்க காப்புரிமை அலுவலகக் கிளைக்கு வைக்கப்பட்ட பெயர் எலைஜா மெக்காய். கருவிகளில் இல்லாத பெயர், காப்புரிமை வழங்கும் அலுவலகத்திலேயே இடம்பிடித்துவிட்டது.